காட்டேரிக்குக் கம்பளி எதற்கு?

கடந்த ஆண்டு நாம் பணியாற்றும் கல்லூரியில் குறும்படக் கதைப் போட்டி ஒன்று நடந்தது. இளங்கலை இரண்டாமாண்டு மாணவர் ஒருவர், தூத்துக்குடி உப்பளத்தில் கூலிக்குப் போகும் தாயின் மகன், தாம் எழுதிய கதையை வாசித்தார். நிழல் விழாத பெண்ணொருத்தி ஊருக்குள் நடமாடுகிறாள். மனித இரத்தம் குடிப்பவள். நிழலைப் பார்த்து ஆளை இனங்காண ஊரார் கற்றுக்கொள்கின்றனர். நிழலில்லாதவள் எதிர்ப்பட்டால் விலகிவிடுகின்றனர், பிழைத்தும் விடுகின்றனர். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், நண்பகல், அளத்தில் உப்பு வாரும் வேளை, கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறான். பாத்திக்குள் நிற்கும் நாற்பது பேரில் ஒருவருக்கும் நிழல் இல்லை. வாருபலகையைக் கீழே வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்க்கின்றனர். கதை அவ்வளவே.

நடுவராக வந்திருந்த விருந்தினர் (திரைத்துறையினர், பெயர் வேண்டா) புன்னகைத்தார். “கரு நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் இரத்தக் காட்டேரிக் கதைக்கு வெயில் ஆகாது. குளிர் வேண்டும், பனி வேண்டும், ஆளரவமற்ற ஒதுக்கிடம் வேண்டும். கொடைக்கானலுக்கு மாற்றிவிடுங்கள், இரவுக்கு மாற்றிவிடுங்கள்” என்றார். பனிநாட்டுக் காட்டேரிப் படங்கள் சிலவற்றின் பெயர்களை அடுக்கினார். அரங்கம் கைதட்டியது. மேடையில் அமர்ந்திருந்த நாமும் கைதட்டினோம். அந்தக் கைதட்டலுக்குக் கழுவாயாகவே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். குளிர்நிலத்துக் காட்டேரிப் படங்களுக்கு நாம் பகைவரல்லோம். 2008இல் சுவீடனிலிருந்து வந்த ‘லெட் த ரைட் ஒன் இன்’ படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறோம். நான்காம் முறையும் பார்ப்போம். 2007இல் வந்த ‘தர்ட்டி டேய்ஸ் ஆஃப் நைட்’ அத்துணை நுட்பமான படமன்று. ஆயினும் இரவில் தனியே பார்த்துவிட்டுக் கதவின் தாழ்ப்பாளை இருமுறை சரிபார்த்தோம் என்பதை ஒப்புக்கொள்வதில் நாணமில்லை. நம் வழக்கு அப்படங்களோடு அன்று. அப்படங்களிலிருந்து ஓர் இலக்கண நூற்பாவைத் தாமே யாத்துக்கொண்டு, அதை நம் பிள்ளைகளின் தலையில் கட்டுவோரோடுதான்.

காட்டேரிக்கு வெயில் ஆகாது என்பது அந்நூற்பாவின் முதல் உறுப்பு. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ 1897இல் வெளிவந்தது. அந்நாவலில் டிராகுலா பகலில் நடமாடுகிறான். இலண்டன் தெருவில் பகலொளியில் நிற்கிறான். பகலில் அவன் ஆற்றல் குறையும், உருமாற இயலாது, அவ்வளவே. கதிரொளி பட்டவுடன் காட்டேரி அழிந்துபோகும் என்ற வழக்கம் 1922இல் முர்னோ எடுத்த ‘நொஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மானிய ஊமைப்படத்தில் நுழைந்தது. ஒரு திரைப்படத்தின் முடிவுக்காகப் பிறந்த உத்தியை நாம் இன்று காட்டேரியின் பிறவிக்குணமாகப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

குளிரின் கதையும் அதுவே. ‘டிராகுலா’ நாவல் மே மாதத்தில் தொடங்குகிறது. கார்பேத்திய மலைவழியெங்கும் பழமரங்கள் பூத்துக் கிடக்கின்றன. ஸ்டோக்கர் ஆப்பிள், பிளம், பேரி, செர்ரி என்று பெயர் சொல்லியே எழுதுகிறார். பனி விழுவது கதையின் கடைசியில், நவம்பரில், காட்டேரி சாகப்போகும் நேரத்தில். பூத்துக் குலுங்கும் மரங்களுக்கு நடுவே அச்சத்தைத் தொடங்கும் துணிவு நாவலாசிரியருக்கு இருந்தது. (அவர் டிரான்சில்வேனியாவுக்குச் சென்றதேயில்லை. நூலகத்தில் அமர்ந்து எழுதினார்.)

‘தர்ட்டி டேய்ஸ் ஆஃப் நைட்’ படத்துக்கு வருவோம். அலாஸ்காவின் வடகோடியில் பாரோ என்ற சிற்றூர். 2016 முதல் அதன் பெயர் உட்கியாக்விக். குளிர்காலத்தில் அங்கே ஏறத்தாழ 65 நாள் கதிரவன் எழுவதில்லை. படம் அதை முப்பதாகச் சுருக்கிக்கொண்டது. இருள் கவியுமுன் ஒருவன் ஊருக்குள் வந்து தொடர்புகளையெல்லாம் அறுத்துவிடுகிறான். பின்பு கூட்டம் வருகிறது. இங்கே அச்சம் எதில் இருக்கிறது? விடியல் என்று ஒன்று வரும் என நம்பி உயிர் பிழைக்கும் மனிதருக்கு அந்த விடியல் இல்லாது போவதில். இருந்தே தீரும் என்று நாம் எண்ணியிருக்கும் ஒன்று ஒரு நாள் இல்லாது போகிறது. பனி அந்த ஊரின் தட்பவெப்பம்; கதையின் உயிர்நாடி அன்று. (படம் பிடிக்கப்பட்டதோ நியூசிலாந்தில்!) அம்மாணவரின் கதையிலும் இதுவே நிகழ்கிறது என்பதை நடுவர் கவனிக்கவில்லை. அலாஸ்காவில் காணாமற்போவது விடியல், தூத்துக்குடியில் நிழல். தூத்துக்குடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8.8 பாகையில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்டு இறுதியில் ஒரு நாளும் நண்பகலில் நிமிர்ந்து நிற்கும் எப்பொருளுக்கும் நிழல் விழாது. பள்ளிப் பிள்ளைகள் நிழலில்லா நாள் என்று குச்சி நட்டுப் பார்க்கிறார்களே, அதுதான். கதிரவன் இல்லாத நாளில் அவர்கள் கதை செய்தார்கள். கதிரவன் அளவுக்கு மீறி இருக்கும் நாளில் நம் மாணவர் கதை செய்தார். இதைக் கொடைக்கானல் இரவுக்கு மாற்றினால் எஞ்சுவது என்ன? ஒரு பெண், ஒரு வெள்ளைப் புடவை, வாடகைக்கு எடுத்த புகை.

இனி, அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். ஐரோப்பிய ஆவணங்களில் காட்டேரி முதன்முதலாகப் பரபரப்பாகப் பேசப்பட்டது 1725க்கும் 1732க்கும் இடையே, செர்பியச் சிற்றூர்களில். அங்கே பிரபுவும் இல்லை, மலைக்கோட்டையும் இல்லை. வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து இறந்த அர்னோல்ட் பாவோலே என்பவர் எழுந்து வந்து அக்கம்பக்கத்தாரைப் பிடிப்பதாகப் பேச்சு. ஆஸ்திரியப் படை மருத்துவர்கள் வந்து புதைகுழிகளைத் தோண்டி அறிக்கை எழுதினர். இறந்தவரும் அண்டைவீட்டார், பிடிபட்டவரும் அண்டைவீட்டார். நம் ஊர்ப்பேய்க் கதைகளை அறிந்தவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது. அந்த உழவரைப் பிரபுவாக்கிச் சீமைக்கு அழைத்துச் சென்றவர் ஜான் பொலிடோரி. 1819இல் அச்சான அவருடைய கதை, 1816இல் ஜெனீவா ஏரிக்கரை மாளிகை ஒன்றில் பைரன், ஷெல்லி இணையர் ஆகியோருடன் மழைக்கும் குளிருக்கும் அஞ்சி அடைந்து கிடந்த நாள்களின் விளைவு. அவ்வாண்டைக் கோடையில்லா ஆண்டு என்பர். ஏன் கோடை வரவில்லை? 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்துச் சிதறியது. அதன் தூசும் புகையும் வானை மறைத்தன. மேலைக் காட்டேரிப் பிரபுவைப் பெற்றெடுத்த குளிர், நம் கிழக்கே, நிலநடுக்கோட்டு வெப்பத்தில் கொதித்த நெருப்பின் பிள்ளை! குளிரே அச்சத்தின் தாய் என்பாரிடம் இந்தக் குடும்ப வரலாற்றைச் சொல்லுங்கள்.

நிற்க. தமிழாசிரியர் என்ற முறையில் நமக்கு இதில் வேறொரு வருத்தமும் உண்டு. அச்சம் எவற்றால் பிறக்கும் என்ற வினாவுக்கு ஒரு மேலைப் படத்தைத் தேடிப்போக வேண்டிய நிலையில் நாம் இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுக்கும் நந்நான்கு நிலைக்களன் வகுக்கிறார். அச்சத்துக்கு அவர் கூறும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கு என்பது வருத்தும் தெய்வமும் பேயும். இறை என்பது நம்மை ஆள்வோர். நான்கிலும் இடமும் இல்லை, பொழுதும் இல்லை, தட்பவெப்பமும் இல்லை. ஆள் இருக்கிறது; நம்மினும் வலிய ஆள்.

இப்போது டிராகுலாவை இந்நான்கின் அருகே நிறுத்திப் பாருங்கள். இறந்தும் இறவாதவன்; அணங்கு. ஓநாயாகவும் வௌவாலாகவும் மாறுகிறான், விலங்கு. உறங்குவோர் அறைக்குள் சன்னல் வழி நுழைகிறான்; கள்வன். பட்டம் பெற்ற பிரபு, நிலவுடைமையாளன், குடிகளின் பிள்ளைகள் மீதும் உரிமை கொண்டாடுகிறவன், இறை. தொல்காப்பியர் தனித்தனியே வைத்த நான்கையும் ஓருடம்பில் அடைத்ததுதான் ஸ்டோக்கரின் வெற்றி. நூற்றிருபத்தைந்து ஆண்டு கடந்தும் அவன் சாகாமலிருப்பது இதனால்தானேயன்றி, கம்பளிக் கோட்டாலன்று. நான்காவதாகிய இறைக்கு எம் மாணவர்களுக்கு உரை சொல்ல முயன்றதுண்டு. 2018 மே 22க்குப் பிறகு இந்நகரில் அதற்கு எவரும் உரை கேட்பதில்லை.

மாற்றார் கையில் ஒரு நல்ல அம்பு இருக்கிறது. அதை அவர் எய்யுமுன் நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். தமிழில் பனித்தல் என்றாலே நடுங்குதல். பனி என்ற சொல்லுக்கே அச்சம், நடுக்கம் என்று அகராதிகள் பொருள் தருகின்றன. ஆகக் குளிரையும் அச்சத்தையும் முடிச்சுப் போட்டது உங்கள் மொழியேயன்றோ என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதே சொல் கண்ணீரையும் குறிக்கிறது. கண்கள் பனித்தன என்று இன்றும் எழுதுகிறோம். எனவே கண்ணீர்க் காட்சிகளை எல்லாம் கொடைக்கானலில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லையே! நடுக்கம் உடம்பினது. குளிரில் நடுங்கும் உடம்பைக் கண்டவன் அச்சத்தில் நடுங்கும் உடம்புக்கும் அச்சொல்லை இரவல் தந்தான்.

தூத்துக்குடிக்காரராகிய எமக்குப் பனி என்றவுடன் நினைவுக்கு வருவது வேறொன்று. பனிமய மாதா. ஆகஸ்டு 5 அன்று இக்கடற்கரை நகரமே திரளும் பெருவிழா. உரோமையின் எஸ்குலின் குன்றில் ஒரு கோடைநாள் இரவில் பனி பெய்த புதுமையை ஒட்டி அன்னைக்கு அமைந்த பெயர் அது. பனியென்பதே பெய்தறியாத கரையில், முத்துக்குளிப்போர் அப்பெயரைத் தம் அன்னையின் பெயராக்கிக்கொண்டனர். அவள் பனிமயமானவளாகவே இருக்கிறாள். ஆனால் தேர் இழுப்பது வியர்வையில். வெளியிலிருந்து வரும் எதையும் ஏற்கக்கூடாது என்பவரல்லோம் நாம். வந்தவளை இங்குள்ள வெயிலில் நிறுத்தித் தம்மவளாக்கினார்கள் அம்மக்கள். நம் திரைப்படத்தாரோ இங்குள்ளவளை அங்கே கொண்டுபோய்க் குளிரில் நிறுத்தி அயலவளாக்குகிறார்கள்.

தமிழ் மரபு பொழுதை எப்படிப் பங்கிட்டது என்று பாருங்கள். குளிரும் நள்ளிரவும் குறிஞ்சிக்கு. அங்கே நிகழ்வது காதலர் கூட்டம். (இரவுக்குறியில் தலைவன் வரும் வழியின் இடரை எண்ணித் தலைவி அஞ்சுவாள் என்று மாணவர்கள் இடைமறிக்கக்கூடும். அவள் அஞ்சுவது யானைக்கும் புலிக்கும் காட்டாற்றுக்கும்.) வேனிலும் நண்பகலும் பாலைக்கு, அங்கேதான் பிரிவு, அங்கேதான் ஆறலை கள்வர், அங்கேதான் வழியில் மாண்டவரின் கற்குவைகள். நம் அச்சத்தின் பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். நெல்லைச் சீமையில் உச்சிப்பொழுதை உருமம் என்பார்கள். “உருமத்தில் புளியமரத்தடிக்குப் போகாதே” என்று பாட்டிமார் அதட்டாத வீடு அக்காலத்தில் இருந்ததா? இரவில் போகாதே என்பதற்குப் பாம்பு போதும். பகலில் போகாதே என்பதற்குத்தான் பேய் தேவைப்பட்டது.

ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியைக் கையிலெடுங்கள். காளி உறையும் காட்டை அவர் பாடும்போது குளிர் தேடுகிறாரா? நெருப்பாய்த் தகிக்கும் பாலை அது. அக்காட்டில் நிற்கும் நிழல் ஓரிடத்தும் இல்லை; பறக்கும் பருந்தின் நிழல் மட்டும் நிலத்தில் ஓடுகிறது, அதுவும் அவ்வெம்மைக்கு அஞ்சி ஓடுவதுபோல் ஓடுகிறது என்கிறார். டிராகுலாவுக்கு நிழல் விழாது என்று ஸ்டோக்கர் ஓர் ஆளைப் பற்றி எழுதினார். அவருக்கு எழுநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலத்துக்கே நிழலில்லை என்று பாடியவன் நம்மிடம் இருந்தான். நாம் மேலே சொன்ன மாணவர் பரணி படித்தவரல்லர். பாடத்திட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அவர் தாயோடு அளத்துக்குப் போனவர், அவ்வளவே. பரணிப் பேய்கள் பசித்திருக்கின்றன, முறையிடுகின்றன, போர் முடிந்ததும் களத்தில் குருதியும் நிணமும் கொண்டு கூழடுகின்றன, பந்தி வைத்துப் பரிமாறிக்கொள்கின்றன. மணிமேகலையின் சார்ங்கலன் என்ற சிறுவன் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில் பேயொன்று தலையைக் கையிலேந்திக் கூத்தாடக் கண்டு, வீட்டுக்கு ஓடிவந்து தாயிடம் சொல்லி உயிர் விடுகிறான். அச்சுடுகாடு எங்கோ பனிமலையில் இல்லை. புகார் என்னும் பெருந்துறைமுகத்தின் விளிம்பில், ஓடிவந்தால் வீடு சேரும் தொலைவில் இருக்கிறது.

துறைமுகம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. டிராகுலா இங்கிலாந்துக்கு எப்படி வருகிறான்? டிமீட்டர் என்ற கப்பலில், மண் நிரப்பிய 50 பெட்டிகளுள் ஒன்றில், சரக்காக வருகிறான். ஆகஸ்டுப் புயலில் அக்கப்பல் விட்பி துறைக்குள் நுழையும்போது மாலுமிகள் ஒருவருமில்லை. தலைவன் சுக்கானோடு கட்டுண்ட பிணமாக இருக்கிறான். நம் தந்தையார் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். இறங்கும் பெட்டிகளை எண்ணிக் கோடு போடுவதே அவர் வேலை. அவர் மகனுக்கு அந்நாவலில் மிகவும் நடுக்கம் தந்த இடம் மலைக்கோட்டையன்று. சரக்குப் பட்டியலில் 50 பெட்டி மண் என்று எழுதப்பட்டிருந்த வரிதான். மண்ணை எதற்கு இறக்குமதி செய்கிறான் என்று எந்தக் கிளார்க்கும் கேட்கவில்லை! இதைப் படமாக்க ஹாலிவுட்டுக்கே 2023 வரை ஆயிற்று. தூத்துக்குடியில் ஒருவரேனும் இதை நினைத்திருக்கலாம்.

ஒதுக்கிடம் வேண்டும் என்றாரே நடுவர், அதற்கும் இக்கரையில் குறைவில்லை. கரை மறைந்த கடலில், முத்துப் பாரின் மேல், தோணியின் கயிறு ஒன்றைத் தவிர வேறு உறவில்லாமல் ஒரு நிமிடம் மூச்சடக்கி அடியில் இருப்பவனை விடத் தனியன் யார்? மூக்கிலும் காதிலும் குருதி கசிய மேலே வருவான். குருதி மணத்துக்குச் சுறா வரும். அதற்கென்றே இக்கரையில் கடல்கட்டி என்றொரு தொழில் இருந்தது. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த மார்க்கோ போலோ இம்மந்திரக்காரரைப் பற்றி எழுதுகிறார்: முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி; மந்திரம் அன்றைய பகலுக்கு மட்டுமே; மாலையானதும் அவர்களே கட்டை அவிழ்த்துவிடுவர், இரவில் கள்ளத்தனமாக எவரும் குளிக்காதிருக்க. இதைவிட நல்ல காட்டேரிக் கதையின் தொடக்கம் கார்பேத்திய மலையில் கிடைக்குமா? பகலில் நம்மைக் காப்பவனே இரவில் அதை அவிழ்த்துவிடுகிறான், முதலாளியின் சொத்தைக் காக்க. தொல்காப்பியரின் நான்கும், விலங்கும் கள்வரும் இறையும் அணங்கும், ஒரே தோணியில்.

1859இல் வெளியான தம் இலங்கை நூலில் எமர்சன் டென்னன்ட், வளைகுடாவின் அக்கரை முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்வது இதினும் சுவை. அப்போதைய கடல்கட்டிக் குடும்பத் தலைவர் கத்தோலிக்கராம். மந்திரம் பலிப்பதற்கு மதம் ஒரு தடையில்லையாம். அவர் நோயுற்றதால் பதிலாள் ஒருவரை அனுப்பினார். பதிலாளோ தமக்கு மந்திரம் தெரியாது, ஆனால் தாம் யாருடைய ஆள் என்பதைச் சுறாக்கள் அறியும் என்றாராம். நாம் சிரிக்கிறோம். கடலுக்குள் இறங்குபவன் சிரித்திருப்பானா? தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது. கடல்கட்டியை வைத்து ஒரு படம்கூடத் தமிழில் வந்ததாக நாம் அறியோம். ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதி உப்பளத்தைத் தந்தார், ஜோ டி குருஸ் ‘ஆழிசூழ் உலகு’ம் ‘கொற்கை’யும் தந்தார். இலக்கியத்துக்குள் வந்துவிட்ட கரை, திகிற்படத்துக்குள் மட்டும் ஏன் வர மறுக்கிறது?

நமக்குத் தோன்றும் விடை கசப்பானது. நம் மலைவாழிடங்கள் வெள்ளையர் நம் வெயிலுக்கு அஞ்சி ஏறிய இடங்கள். சல்லிவன் நீலகிரிக்கு ஏறியது 1819இல். அமெரிக்க மதுரை மிஷனார் கொடைக்கானலில் வீடு கட்டியது 1845இல். அவர்கள் அச்சந்தீரப் போன இடத்துக்கு நாம் அச்சம் தேடிப் போகிறோம். அவர்களுடைய பங்களா, அவர்களுடைய கல்லறை, அவர்களுடைய கணப்பு அடுப்பு. இடையில் நம் பேய் மட்டும் கூலிக்கு. 2017இல் வந்த ‘அவள்’ இமயச் சாரலில் நிகழ்கிறது. ஒலியமைப்பிலும் நடிப்பிலும் தேர்ந்த படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவ்வீட்டார் தமிழ் பேசுவதைத் தவிர வேறு எதனால் அது தமிழ்ப்படம் என்று நினைத்துப் பார்த்தோம், விடை கிடைக்கவில்லை. மாறாக மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) படத்தைப் பாருங்கள். அதிலும் குளிர் உண்டு. எப்படிப்பட்ட குளிர்? இறந்த மகளை எரிக்கவும் புதைக்கவும் மனமில்லாத தந்தை ஐஸ் தொழிற்சாலையில் அவள் உடலைப் பனிக்கட்டிக்குள் வைத்திருக்கிறார். மீன்பிடித் துறைமுகம் உள்ள எந்த ஊரிலும் அந்த ஐஸ் கட்டி உண்டு; பாரை மீனும் இறாலும் அதில்தான் கிடக்கின்றன. புகைப்பொறியால் வந்த குளிரன்று, ஒரு தகப்பனின் துயரத்தால் வந்த குளிர். பத்தாண்டு கடந்தும் அந்த அறையை நாம் மறக்கவில்லை.

கசப்பின் இன்னொரு பாதியையும் சொல்லிவிடுகிறோம். நமக்கு நம் இரத்தம் குடிக்கும் தெய்வங்களைக் கண்டால் நாணமாக இருக்கிறது. தேரிக்காட்டு ஊர்களில் சுடலைமாடன் கொடையில் சாமியாடி வெட்டுண்ட கிடாயின் குருதியைக் குடிப்பதை 1849இல் கால்டுவெல் அருவருப்போடு எழுதினார். நாற்பத்தெட்டு ஆண்டு கழித்துச் சீமையில் ஸ்டோக்கர் எழுதிய குருதிகுடி இலக்கியமாயிற்று. அயலார் எழுதியது இருக்கட்டும். நம்மவர் என்ன செய்தோம்? 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003இல் தூசு தட்டி எடுத்துக் கிராமக் கோயில்களில் காவலரை நிறுத்தினோம். 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. உயிர்ப்பலி நன்றா தீதா என்பது வேறு வழக்கு. நமக்கு அதில் கோழி ஆடுகளின் பக்கமே சாய்வு. நாம் கேட்பது இதுதான்: சுடலையின் குருதி காட்டுமிராண்டித்தனம், கிறிஸ்டோபர் லீயின் கடைவாயில் வழியும் குருதி கலை என்ற பாகுபாட்டை எந்த அணியிலக்கணத்தில் படித்தோம்? இரத்தக் காட்டேரி என்று டிராகுலாவுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டினோமே, அப்பெயருக்குரியவள் யாரென்று கேட்டோமா? அவளுக்குப் படையல் இடும் குடும்பங்கள் வடதமிழகத்தில் உண்டு. ஒப்பந்தக் கூலிகளாய்க் கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் கப்பலேறிய நம்மவர் தம்மோடு அவளையும் கொண்டுசென்றனர். அங்கே இன்றும் அவள் அம்மனாக இருக்கிறாள். டிமீட்டருக்கு முன்பே கடல் கடந்த காட்டேரி நம்முடையவள்.

நாம் நாணி நிற்கையில் அண்டை வீட்டார் எடுத்துக்கொள்கின்றனர். கர்நாடகத்தில் 1990களில் பேய்க்கு அஞ்சி வீட்டுச் சுவரில் ‘நாளை வா’ என்று எழுதினார்கள். அந்தத் தெருவழக்கை ஒத்ததொன்றிலிருந்து 2018இல் இந்தியில் ‘ஸ்த்ரீ’ வந்தது. மத்தியப் பிரதேசத்துச் சந்தேரியில், ஆள் நெருக்கமுள்ள சந்துகளில். மலையாளத்தார் 2025இல் ‘லோகா’ எடுத்தார்கள். அதில் வரும் கள்ளியங்காட்டு நீலி இரத்தம் வேண்டுபவள். பெங்களூரின் நெரிசலில் வாழ்கிறாள். கேரளமே கொண்டாடியது, நம் பிள்ளைகளும் கொண்டாடினர். நீலி யார்? பழையனூர் நீலியை நாம் அறியோமா? அந்தச் சுடுகாட்டுப் பேய் சமண முனிவரிடம் தோற்று, தருக்கம் கற்று, ஊர் ஊராய்ச் சென்று பௌத்தரையும் பிறரையும் வாதில் வெல்கிறாளே, ‘நீலகேசி’ என்று ஒரு காப்பியமே நம்மிடம் கிடக்கிறதே! வாதம் புரியும் காட்டேரி உலகில் வேறெந்த இலக்கியத்தில் உண்டு? நூலகத்தில் அந்நூலை எடுத்துப் பார்த்தோம். கடைசியாக இரவல் போனது எப்போது என்று எழுத விருப்பமில்லை.

‘லெட் த ரைட் ஒன் இன்’ எழுதிய ஜான் அயிவிடே லிண்ட்க்விஸ்ட், கதை நிகழும் பிளாக்கெபெர்க் என்ற புறநகரில் வளர்ந்தவர். அடுக்குமாடிக் குடியிருப்பும் சுரங்க இரயிலும் உள்ள ஊர் அது, ஆளரவமற்ற வனாந்தரமன்று. தம் தெருவின் பனியை, தம் பள்ளியில் அடிவாங்கும் சிறுவனின் தனிமையை எழுதினார். எந்த நடுவரும் அவரிடம், தம்பி, இதைச் சாத்தான்குளத்துக்கு மாற்றிவிடு என்று சொல்லவில்லை.

இரவு நிலவில் உப்பளத்தைப் பார்த்ததுண்டா? வெண்மை கண்ணுக்கெட்டிய வரை. அம்பாரமாய்க் குவித்த உப்பு பனிக்குன்று போலவே இருக்கும். பின்னிரவு மூன்று மணிக்கே தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு வேலைக்கு இறங்குவோர் உண்டு, வெயிலுக்கு முன் முடிக்க. உப்புநீரில் காலெல்லாம் புண். இதே தொழில் நடக்கும் குஜராத்தின் ரண் பகுதியில், உப்பளத்தார் இறந்தபின் சிதையில் உடல் எரிந்தாலும் பாதங்கள் எரிவதில்லை என்பார்கள். அவற்றைத் தனியே எடுத்து உப்போடு புதைப்பார்கள். அவர் குருதியில் வேண்டியதை யாரோ ஏற்கெனவே குடித்துவிட்டார்கள் என்று சொன்னால் அதில் உருவகம் எவ்வளவு, செய்தி எவ்வளவு?

அம்மாணவர் போட்டியில் ஆறுதல் பரிசு பெற்றார். கதையைக் கொடைக்கானலுக்கு மாற்றி எழுதியும் பார்த்தாராம். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டதாம். சென்ற வாரம் துறைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க நமக்கு வாய் வரவில்லை. பரணியின் காடு பாடியதை எடுத்து வைத்து இருவரும் ஒரு மணிநேரம் படித்தோம். ஓடும் நிழலுக்கு வந்தபோது நிறுத்தச் சொல்லி இன்னொருமுறை படிக்கச் சொன்னார்.

வரும் ஏப்ரலில் அளத்திலேயே எடுப்பதென முடிவாகியிருக்கிறது. அவர் தாயும் உடன் வேலை செய்வோரும் நடிக்கின்றனர். அன்றைக்குக் கூலி போய்விடும் என்பதால் ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் நாம் தருவதாக ஏற்றிருக்கிறோம். நிழலில்லா நேரம் சில நிமிடமே. தவறினால் ஆகஸ்டு இறுதிவரை காத்திருக்க வேண்டும், அதற்குள் வானம் மூட்டம் போட்டுவிடக்கூடும். கேமரா சூடாகி நின்றுவிடாமலிருக்கக் குடை பிடிக்க ஓர் ஆள் வேண்டுமாம். நாமே வருகிறோம் என்றோம். குடையின் நிழல் காட்சிக்குள் விழுந்துவிடாமல் பிடிக்கத் தெரியுமா ஐயா என்று கேட்டார்.